அம்மா குழந்தையைச் சேகரித்தாள்: ஓர் ஆங்கிலச் செயலியின் ‘கலெக்ட்’ வாரம்

பள்ளிக்கூட வாசல் படம். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அதற்கும் கீழே தமிழில்: “அம்மா குழந்தையைப் பள்ளியிலிருந்து சேகரித்தாள்.” எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி இதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டான்: “அக்கா, எத்தனை குழந்தை சேர்ந்ததும் நிறுத்துவாங்க?”

வாரம் ஒரு வினைச்சொல் என்று ஆங்கிலம் கற்றுத்தரும் செயலி இது. நானும் அவனும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறோம். பெயரைச் சொல்லவில்லை. இதற்கு முன் நான் பார்த்த வேறு இரண்டு செயலிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால் பெயர் தெரியாவிட்டாலும் உங்களுக்கு இந்த விமர்சனம் பயன்படும். முப்பது வாரங்களுக்கு மேல் முடித்துவிட்டோம். ‘கெட்’, ‘டேக்’, ‘ரன்’ எல்லாம் போன வழி தெரியாமல் போயின. ‘கலெக்ட்’ வந்த திங்கட்கிழமைதான் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

ஏற்றுமதிச் சரக்குக்கு ஆவணம் போடும் மேசை என்னுடையது. வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு பார்ட்டியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “ப்ளீஸ் ஷிப் ஃபிரைட் கலெக்ட்” என்று ஒற்றை வரி. ஃபிரைட் என்றால் சரக்கு, கலெக்ட் என்றால் எடுத்துக்கொள்வது. ஆக, சரக்கை வந்து எடுத்துக்கொண்டு போய் அனுப்புங்கள் என்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வண்டியை அனுப்பிவிட்டேன். அங்கே அவர்கள் இன்னும் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு விட்டேனா? பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் சரக்குக்கான ரசீதில், ஃபிரைட் கட்டத்தில் ‘பிரீபெய்ட்’ என்று அடித்தும் கொடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கப்பல் கூலியை அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டினால் அது ‘பிரீபெய்ட்’. சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் பெறுகிறவர் கட்டினால் அது ‘கலெக்ட்’. அந்தத் தொகை கைக்கு வந்த பிறகுதான் கப்பல் நிறுவனத்தின் முகவர் சரக்கை விடுவிப்பார். எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும்வரை மட்டும் விற்பவர் செலவு என்று விற்றால் பெரும்பாலும் கலெக்ட்; கப்பல் கூலியும் காப்பீடும் விலையிலேயே சேர்ந்த சிஐஎஃப் என்றால் பிரீபெய்ட். என் கைங்கரியத்தால், கட்ட வேண்டியவர் நிம்மதியாக இருக்க, கட்ட வேண்டாதவர் பெயருக்குப் பில் போனது. திருத்தம் போட்டு, திருத்தத்துக்குக் கட்டணமும் கட்டி, ஒரு வாரம் தலை குனிந்தே நடந்தேன். அப்போதிருந்த மேலாளர் திட்டவில்லை. “அம்மா, அந்த இடத்துல அது வேலையைச் சொல்ற சொல் இல்ல. காசு யாருதுன்னு சொல்ற சொல்” என்றார். அந்த ஒரு வரியைத்தான் இந்தச் செயலியில் தேடினேன்.

இல்லை. பதினெட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள், எண்ணிப் பார்த்தேன். தபால்தலை, நாணயம், சிப்பி, வண்ணத்துப்பூச்சி என்று முதல் நான்கும் பொழுதுபோக்கு. அப்புறம் வரி, குப்பை, நன்கொடை, தகவல். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும் ‘மேல்நிலை’ப் பகுதியில் குதிரைகூட இருக்கிறது: சவாரி செய்பவர் குதிரையின் நடையைச் சுருக்கி, எடையைப் பின்னங்கால் பக்கம் கொண்டுவந்து கட்டுக்குள் வைப்பதற்கும் ஆங்கிலத்தில் கலெக்ட் என்றுதான் பெயராம். நல்லது, தெரிந்துகொண்டேன். கணினியில் இனித் தேவைப்படாத நினைவிடத்தைத் தானாகவே மீட்டெடுக்கும் ‘கார்பேஜ் கலெக்‌ஷன்’ இருக்கிறது. 1959 வாக்கில் லிஸ்ப் என்ற கணினி நிரல் மொழிக்காகக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி கொண்டுவந்த உத்தி என்று ஒரு வரிக் குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பெறுகிறவர் காசு கொடுப்பது என்ற பொருள் மட்டும் எங்கேயும் இல்லை.

இது ஏதோ என் தொழிலுக்கு மட்டும் உரிய மூலைப் பொருள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கலெக்ட் கால்’ என்றால் அழைப்பவர் காசில்லாமல் பேச, எடுப்பவர் கட்டும் தொலைபேசி அழைப்பு. பிரிட்டனில் அதையே ‘ரிவர்ஸ் சார்ஜ்’ என்பார்கள். சிஓடி என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதில் முதல் எழுத்து ‘கேஷ்’ என்றுதான் பலரும் நினைத்திருப்போம். அமெரிக்க அஞ்சல் துறையில் அந்தச் சேவையின் பெயரே ‘கலெக்ட் ஆன் டெலிவரி’. ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிவைத்து, ஆக்ஸ்ஃபோர்ட் 1948இல் வெளியிட்ட அகராதியின் வழிவந்த ‘அட்வான்ஸ்ட் லர்னர்ஸ் டிக்‌ஷனரி’யின் பிற்காலப் பதிப்பு ஒன்று என் மேசையில் இருக்கிறது. அட்டை கிழிந்து, ஒட்டுநாடா போட்டது. கலெக்ட் என்பதற்குக் கீழே வினை தவிரப் பெயரடை, வினையடை என்று தனியாகக் காட்டி, வட அமெரிக்க வழக்கு என்ற குறிப்போடு இந்தப் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். அகராதியில் இரண்டு வரி. செயலிக்காரர்கள் அந்த இரண்டு வரிக்கு இடம் கொடுத்திருந்தால் வண்ணத்துப்பூச்சி ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்காது.

சரி, தமிழுக்கு வருவோம். அங்கேதான் இந்தப் பாடம் குப்புற விழுகிறது.

முதல் அட்டையிலேயே ‘கலெக்ட் = சேகரி’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் பதினெட்டு வாக்கியங்களுக்கும் அதே ஒரு சொல்லை ஒட்டியிருக்கிறார்கள். யாரும் உட்கார்ந்து படித்துப் பார்த்த அறிகுறியே இல்லை. அலமாரியில் கிடக்கும் புத்தகம் “தூசி சேகரிக்கிறது.” பதற்றப்படும் நண்பனிடம் “உன்னையே சேகரித்துக்கொள்” என்கிறார்கள். நிதானமான ஒரு பெண்மணி “அமைதியான மற்றும் சேகரிக்கப்பட்ட” பெண்மணி. இதைப் படித்துவிட்டு அவளுக்கு யாராவது கண்ணாடிப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

நம் மொழி இந்த இடத்தில் எவ்வளவு பிரித்துப் பார்க்கிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. மதிய உணவு இடைவேளையில் தம்பியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். தபால்தலையைச் சேர்க்கிறோம். வரியை வசூலிக்கிறோம். நன்கொடையைத் திரட்டுகிறோம். குப்பையை அள்ளுகிறோம். பாடல்களைத் தொகுக்கிறோம். விடைத்தாள்களை வாங்கி வைக்கிறோம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பரிசைப் பெற்றுக்கொள்கிறோம். இதெல்லாம் நாம் செய்வது. தானாக நடப்பதற்கு வேறு வரிசை: தண்ணீர் தேங்குகிறது, தூசி படிகிறது, கூட்டம் கூடுகிறது. மனத்தைக் கலெக்ட் பண்ணுவதென்றால் நிதானத்துக்கு வருவது. எண்ணங்களைக் கலெக்ட் பண்ணுவதென்றால் கொஞ்சம் யோசித்து ஒழுங்குபடுத்திக்கொள்வது. தாள் நிறைந்துவிட்டது, சோறு ஆறிவிட்டது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே சொல். அதைத் தமிழ் வழியாகக் கற்றுக்கொடுக்க வருகிறவர் இந்தத் தாளில் இருந்துதானே தொடங்க வேண்டும்? எந்தெந்தத் தமிழ்ச் சொல் வரும் இடத்தில் கலெக்ட் பொருந்தும் என்று காட்டினால் ஒரே நாளில் விஷயம் முடிந்துவிடும். ஒரு வாரமே தேவையில்லை.

இன்னொன்று. எங்கள் வேலையில் கலெக்ட் அடிக்கடி கழுத்தை அறுப்பது திசையில். அந்தச் சொல் யார் நகர்கிறார்கள் என்பதைத் தனக்குள் வைத்திருக்கிறது: கலெக்ட் பண்ணுகிறவர்தான் பொருள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ‘ரெடி டு கலெக்ட்’ என்று செய்தி வந்தால் நீங்கள்தான் கிளம்ப வேண்டும். ‘வீ வில் கலெக்ட்’ என்றால் வீட்டிலேயே இருங்கள். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ‘யுவர் பார்சல் ஹேஸ் பீன் கலெக்டட்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் தீர்ந்தது. அனுப்புகிறவரிடமிருந்து கூரியர் ஆள் எடுத்துக்கொண்டாரா, அல்லது கடைசியில் வேறு யாரோ உங்கள் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களா? பயணத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அதே வாக்கியம் பொருந்துகிறது. தம்பி சேர்ந்த புதிதில் இப்படி ஒரு செய்தி அனுப்ப, வாடிக்கையாளர் தன் பொருள் திருட்டுப் போய்விட்டது என்று பதறிப்போய் தொலைபேசியில் கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் அலுவலக விதி: கலெக்டட் என்று எழுதினால் யார், யாரிடமிருந்து என்ற இரண்டும் அதே வரியில் வர வேண்டும். செயலியில் செயப்பாட்டு வினைப் பயிற்சி இருக்கிறது. “வரிகள் அரசால் சேகரிக்கப்படுகின்றன.” அவ்வளவுதான்.

பள்ளி வாக்கியத்திலேயே இன்னொரு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். குழந்தையைக் கூட்டிவரப் போவதற்குக் கலெக்ட் என்பது பிரிட்டிஷ்காரர்களின் வழக்கம். அமெரிக்கர்கள் ‘பிக் அப்’ என்பார்கள். கடைகளிலும் அப்படியே: பிரிட்டனில் ‘கிளிக் அண்ட் கலெக்ட்’, அமெரிக்காவில் ‘பிக்கப்’. இந்தச் செயலி ஒரு வாக்கியத்தில் ‘கலர்’ என்பதற்கு அமெரிக்க எழுத்துக்கூட்டல், அடுத்த வாக்கியத்தில் லண்டன் உச்சரிப்பு என்று இரண்டு படகில் கால் வைத்திருப்பதால் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான்.

‘கலெக்ட்’டும் ‘கேதர்’ரும் ஒன்றே என்று சொல்லும் அட்டைக்கு நான் அரை மணி நேரம் செலவழித்துத் தகராறு எழுதி அனுப்பினேன். அவர்கள் தேர்வில் “ரயில் வேகம் கலெக்ட் செய்தது” என்ற விடைக்குப் பச்சை நிறக் குறி விழுகிறது. தப்பு. வேகத்தைக் கேதர் மட்டும்தான் பண்ண முடியும். இரண்டு சொற்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. சாட்சியங்களையோ தகவல்களையோ இரண்டில் எதனாலும் திரட்டலாம், தூசிக்கும் இரண்டும் பொருந்தும். ஆனால் கேதரில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதே முக்கியம். கலெக்டில் பெரும்பாலும் ஒரு நோக்கம் இருக்கும், ஒரு தேர்வு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நாளாவட்டத்தில் சேரும். தோட்டத்தைப் பெருக்குகிறவர் உதிர்ந்த இலைகளைக் கேதர் பண்ணுகிறார். பாடப்புத்தகத்துக்கு நடுவே விதவிதமாய் இலை வைத்து அழுத்தும் பிள்ளை கலெக்ட் பண்ணுகிறது. இலை ஒன்றுதான். தையல்காரர் பாவாடை இடுப்பில் துணியைச் சுருக்குவது கேதரிங், அங்கே கலெக்ட் எட்டிக்கூடப் பார்க்காது. ‘ஐ கேதர் யூ ஆர் லீவிங்’ என்றால் நீங்கள் கிளம்புவதாகப் புரிந்துகொள்கிறேன் என்று பொருள். ஒரு காலத்தில் கலெக்டுக்கும் இந்த ‘ஊகித்து அறிவது’ என்ற பொருள் இருந்து வழக்கொழிந்து போனது என்கின்றன பெரிய அகராதிகள். இன்று மேலதிகாரிக்கு ‘ஐ கலெக்ட் யூ ஆர் லீவிங்’ என்று எழுதினால் அவர் தன் மேசையைக் காலி செய்யச் சொல்கிறீர்களோ என்று பயப்படுவார்.

குறை மட்டுமே சொன்னால் அந்தப் பாதிச் சந்தா என்னையே உறுத்தும். உச்சரிப்புப் பகுதி அருமை, உண்மையிலேயே. நம்மில் பலர் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘கலெக்ட்டு’ என்போம். செயலி அதைச் சளைக்காமல் பிடிக்கிறது. அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், முதல் அசை வாய்க்குள்ளேயே பாதி கரைந்துவிட வேண்டும் என்று அலை வரைந்து காட்டுகிறார்கள். கிறிஸ்தவ வழிபாட்டில் அன்றைய நாளுக்குரிய சிறு மன்றாட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான், ஆனால் அங்கே அழுத்தம் முதல் அசையில் விழுந்து ‘கா’வுக்கும் ‘கொ’வுக்கும் நடுவே ஒலிக்கும் என்ற ஒலிப்பதிவையும் வைத்திருக்கிறார்கள். எனக்குப் புதிது. ‘ரீகலெக்ட்’ என்று சேர்த்து எழுதினால் நினைவுகூர்வது, நடுவில் சிறு கோடு போட்டால் மறுபடி போய் எடுத்து வருவது என்ற விளக்கமும் சுருக்கமாக, சரியாக இருக்கிறது.

கலெக்டையும் கரெக்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் கேட்கச் சொல்லும் பயிற்சிதான் இந்த வாரத்திலேயே சிறந்தது. இரைச்சலான தொலைபேசியில் இந்த இரண்டையும் பிரிப்பது லேசில்லை. அதுவும் எங்கள் மேசையில் இரண்டுக்குமே அர்த்தம் இருந்து தொலைக்கிறது: ‘ப்ளீஸ் கலெக்ட் த பில்’ என்றால் வந்து வாங்கிக்கொண்டு போ, ‘ப்ளீஸ் கரெக்ட் த பில்’ என்றால் தப்பு இருக்கிறது, திருத்து. தம்பி முதல் நாள் பத்துக்கு ஐந்து வாங்கினான், வெள்ளிக்கிழமை ஒன்பது. நான் வாங்கிய மதிப்பெண் இந்த விமர்சனத்துக்குத் தேவையில்லை.

‘சொல்லின் கதை’ அட்டையும் பரவாயில்லை. லத்தீன் ‘கொல்லிகெரே’யிலிருந்து வந்தது, ஒன்றாகப் பொறுக்குவது என்று பொருள் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கலாம். அதற்குள் இருக்கும் ‘லெகெரே’ என்ற வினைக்குப் பொறுக்குவது, வாசிப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. ‘லெக்சர்’, ‘லெசன்’ எல்லாம் அந்த வாசிப்புப் பக்கத்துப் பிள்ளைகள். கம்பிச்சுருளுக்குச் சொல்லும் ‘காயில்’கூடக் கொல்லிகெரே பழைய பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த வடிவம். ஜெர்மனில் ‘லேஸன்’ என்ற ஒரே வினை திராட்சை பறிப்பதற்கும் புத்தகம் படிப்பதற்கும் பயன்படுகிறது. நம்மிடம் ‘தொகை’ இல்லையா? பில்லின் அடியில் இருப்பதும் தொகை, பாட்டுகளைத் திரட்டி வைத்தால் அதுவும் தொகை. மேசையில் நாள் முழுக்க முதல் தொகையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இரண்டாவது ஞாபகம் வருவதே பெரிய ஆறுதல்.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் இல்லை. இணையம் இல்லாமலும் பாடம் திறக்கிறது. நாள்தோறும் வராவிட்டால் ஒரு பொம்மை ஆந்தை அழும் அறிவிப்பு வரும், அதை அணைத்துவிடலாம். எழுத்தளவு சிறியது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். அந்த இரண்டரையும் காதுக்கு. காதால் கற்பதற்கு வாங்குங்கள், தமிழ் விளக்கத்தை அமைப்புகளில் போய் அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நல்ல அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆவண வேலை பார்க்கிறவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

வேகம், ஃபிரைட், குழந்தை மூன்றையும் குறிப்பிட்டு நான் அனுப்பிய நீண்ட கடிதத்துக்கு மறுநாளே பதில் வந்தது. தமிழிலேயே: “உங்கள் கருத்து வெற்றிகரமாகச் சேகரிக்கப்பட்டது.” அதோடு மறந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்துத் தம்பி ஓடி வந்தான். “அக்கா, மாத்திட்டாங்க!” வாங்கிப் பார்த்தேன். ஃபிரைட் வரவில்லை. ரயில் இன்னமும் வேகத்தைக் கலெக்ட் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூட வாசல் படம் மட்டும் புது வாக்கியத்தோடு இருந்தது: “அம்மா குழந்தையைப் பள்ளியிலிருந்து பெற்றெடுத்தாள்.”